கண்பார்வைக்குப் படகு விற்ற கிழவரைத் தெரியுமா?

மந்திரவாதி ஒருவனுக்கு அவசரமாக ஒரு படகு வேண்டும். துரத்தி வந்த நிழலை இப்போது அவனே துரத்திப் போகிறான், கடல் குறுக்கே கிடக்கிறது. கரையில் ஒரு கிழட்டு மீனவரிடம் பழைய படகு ஒன்று இருக்கிறது. அதற்கு என்ன விலை கொடுத்தான் தெரியுமா? பொன்னா? வைரமா? ம்ஹூம்! கிழவரின் கண்ணில் படர்ந்திருந்த புரையை மந்திரத்தால் நீக்கிக் கொடுத்தான். பார்வை திரும்பிய கிழவர் படகுக்குப் புதுப்பெயர் சொல்லி, அதன் முகப்பில் இரண்டு கண்களை வரையச் சொல்லி அனுப்புகிறார்!

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலில் வரும் இடம் இது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்துகொண்டு சமீபத்தில் நான் படித்த மாயக்கதைகளில் முதலிடம் இதற்குத்தான். ஏன் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்!

அந்த மந்திரவாதிதான் கதாநாயகன் கெட். மந்திரப் பள்ளியில் தேறிய கையோடு அவனுக்கு எங்கே வேலை கிடைக்கிறது தெரியுமா? அரண்மனையில் இல்லை. ஏழை மீனவர்கள் வாழும் குட்டித் தீவுக்கூட்டம் ஒன்றில்! பக்கத்துத் தீவில் டிராகன்கள் குஞ்சு பொரித்துவிட்டன, காவலுக்கு ஒரு மந்திரவாதி வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அங்கே படகு கட்டும் ஒருவர் அவனுக்கு நண்பராகிறார். அவர் இவனுக்குப் பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொடுக்க, இவன் அவருக்குப் படகு காக்கும் மந்திரம் கற்றுக்கொடுக்கிறான். ஒருநாள் அந்த நண்பரின் சின்னப் பையனுக்குக் காய்ச்சல். எவ்வளவு மந்திரம் இருந்தும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. டிராகனை ஜெயிப்பவன் காய்ச்சலிடம் தோற்கிறான்! அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் அன்றைக்கு வேறு எதையும் தொடவில்லை.

இன்னொன்று தெரியுமா? கெட் வெள்ளைக்காரன் இல்லை, செம்பழுப்பு நிறத்தவன். கதை நடக்கும் எர்த்சீ உலகின் பெரும்பாலான மக்கள் கறுத்தவர்கள், பழுப்பு நிறத்தவர்கள். 2004இல் இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டாக ஒரு வெள்ளைக்கார நடிகரைப் போட்டுவிட்டார்கள். லெ குவின் சும்மா இருந்தாரா? பகிரங்கமாக எழுதித் தீர்த்துவிட்டார்!

மழையைக் கூப்பிட்டால் யாருக்கு நஷ்டம், தெரியுமா?

எர்த்சீ மந்திரப் பள்ளியில் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. இங்கே நீ மழையை வரவழைத்தால் எங்கோ ஒரு தீவில் வறட்சி வரலாம். காற்றைத் திருப்புவதும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது! இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஏரியின் ‘பாடு’ முறைதான் ஞாபகம் வந்தது. பாடு தெரியுமா உங்களுக்கு? தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள், மாயக்கதைக்குக் குறைந்ததில்லை அது!

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டுபவருக்கு அள்ளும், உள்ளே தள்ளிக் கட்டுபவருக்குக் கிள்ளும். அப்படியானால் தினமும் அடிதடிதானே? இல்லை! கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் மூத்தவர்கள் கூடி, எந்தத் துறையில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். இன்று உனக்கு நல்ல துறை என்றால் நாளை எனக்கு. முறை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் பதில் சொல்ல வேண்டும். மீன்வளத்தை ஊரே எப்படிக் காக்கிறது என்று ஆராய்கிறவர்கள் வெளிநாட்டு ஆய்விதழ்களில்கூட இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த முறைக்குள் இடம் கிடைக்காத குடும்பங்களும் ஏரிக்கரையில் உண்டு, அந்தக் கசப்பும் உண்டு. எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆக, மாயக்கதைகளுக்கு நான் வைக்கும் பரீட்சை ரொம்பச் சின்னது. மந்திரத்துக்கு விலை யார் கொடுக்கிறார்கள்? அந்த நாட்டில் சோறு யார் போடுகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் நாவல் பாஸ். சொல்லாதது ஃபெயில்! கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் பாதிப் புத்தகங்களில் முதல் பக்கத்தில் அழகான வரைபடம் இருக்கும், நீலக் கடல் இருக்கும், அதில் வலை வீச ஒரு ஆள் இருக்க மாட்டார். லட்சம் பேர் படை மாதக்கணக்கில் நடக்கும், ஒருவர்கூட அடுப்பு மூட்ட மாட்டார். அவற்றின் பெயரைக்கூட இங்கே சொல்லப் போவதில்லை, இடம் வீண்.

இரண்டு கேள்விக்கும் நூற்றுக்கு நூறு வாங்கும் தமிழ்க் கதை எது, தெரியுமா?

மணிமேகலை! சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்துவிட்டு அதை அறநூல் என்று அலமாரியில் வைத்துவிட்டோம். உரைநடையில் கதையாக மட்டும் படித்துப் பாருங்கள், தலை சுற்றும்!

இளவரசன் உதயகுமாரன் துரத்தி வருகிறான். மணிமேகலை பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிகிறாள். அன்றிரவு மணிமேகலா என்ற கடல்தெய்வம் வந்து, தூங்கும் பெண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே பறந்து ஒரு தீவில் வைத்துவிட்டுப் போகிறது. கண் விழித்தால் யாருமில்லாத மணல்! அங்கே ஒரு பீடம், அதைப் பார்த்தால் போன பிறவி தெரிகிறது! தெய்வம் மூன்று மந்திரங்கள் சொல்லிக் கொடுக்கிறது. ஒன்று உருவத்தை மாற்றிக்கொள்ள. ஒன்று வானில் பறக்க. மூன்றாவது என்ன தெரியுமா? பசியைத் தாங்க! உலகத்து மாயக்கதைகளில் கதாநாயகிக்குப் பசி மந்திரம் கொடுத்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம். சீத்தலைச் சாத்தனாருக்குச் சோறு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்திருக்கிறது.

இன்னும் இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அதற்கு முன்னால் அது யாரிடம் இருந்தது? ஆபுத்திரன் என்பவனிடம். கப்பலில் போனவன் அந்தத் தீவில் இறங்கியிருக்கிறான், அவன் ஏறியதாக நினைத்துக்கொண்டு கப்பல் கிளம்பிவிட்டது! யாருமற்ற தீவில் சோறு போடும் பாத்திரம் இருந்து என்ன பயன்? ஊருக்குப் போடாத சோறு எனக்கு வேண்டாம் என்று பாத்திரத்தைக் குளத்தில் விட்டுவிட்டு, பட்டினி கிடந்து செத்துப்போனான். மாயப் பாத்திரம் கிடைத்தும் பட்டினியால் சாகும் பாத்திரப்படைப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

காயசண்டிகையைத் தெரியுமா? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைத் தெரியாமல் காலால் சிதைத்துவிட்டதால் முனிவரின் சாபத்துக்கு ஆளானவள். எவ்வளவு தின்றாலும் அடங்காத ஆனைத்தீ என்ற பசி அவளுக்கு. அவளுடைய உருவத்தை மணிமேகலை எடுத்துக்கொள்ள, அவளைத் தேடி வந்த கணவன் ஆளை மாற்றி நினைத்துப் பொறாமையில் இளவரசனை வெட்ட... ஐயோ, திருப்பமா இது, சுழலா!

எனக்குப் பிடித்த ஆள் சாதுவன். கப்பல் உடைந்து, பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு மிதந்து, மனிதரைத் தின்னும் நாகர்களின் மலையில் ஒதுங்குகிறான். கொல்ல வருகிறார்கள். அவன் எப்படித் தப்பித்தான்? வாளா, வரமா? அவனுக்கு அவர்கள் பாஷை தெரியும். பேசினான், பிழைத்தான்! அதோடு விட்டானா? இனிமேல் கப்பல் உடைந்து கரையேறுகிறவர்களைக் கொல்லாதீர்கள் என்று அவர்களுடைய தலைவனிடம் வாக்கும் வாங்கிக்கொண்டு வந்தான். கரையோரத்து மனிதர்களுக்கு இதைவிடப் பெரிய சாகசம் இருக்க முடியுமா?

கடைசியில் சோழ மன்னன் காணாமல்போன மகனைத் தேடும் துயரத்தில் இந்திர விழாவை மறந்துவிட, புகார் நகரத்தையே கடல் விழுங்குகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த எந்தக் கடற்கரைக் குப்பத்திலும் இந்த இடத்தைக் கதைதானே என்று கடந்துவிட மாட்டார்கள். இந்தக் காவியத்தை உ.வே. சாமிநாதையர் 1898இல் அச்சில் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அவர் சுவடி தேடி அலைந்த கதையே தனி சாகசம்!

குறை இல்லையா? உண்டு. கடைசிக் காதைகளில் தருக்கமும் தத்துவமும் பக்கம் பக்கமாக வரும். அங்கே நான் வேகமாகத் தாண்டினேன், மறைக்க என்ன இருக்கிறது!

மின்னல் எங்கிருந்து வருகிறது, தெரியுமா?

கம்போடியாவில் கேட்டால் சொல்வார்கள்: மோனி மேகலா என்ற கடல்தேவதையின் கையில் ஒரு பளிங்கு உருண்டை. அதை அவள் சுழற்றினால் மின்னல். அவளைத் துரத்தும் அசுரன் கோடரியை வீசினால் இடி! கெமர் அரசவை நடனத்தில் இன்றைக்கும் ஆடும் கதை இது. தாய்லாந்திலும் அவள் உண்டு. கப்பல் உடைந்து ஏழு நாள் நீந்திய இளவரசனைக் காப்பாற்றியவள் அவள்தான் என்று பௌத்த ஜாதகக் கதை சொல்கிறது. நம் மணிமேகலா தெய்வமேதான்!

கப்பலுக்கு உயிர் வர எத்தனை பேர் சாக வேண்டும், தெரியுமா?

மூன்று பேர்! ராபின் ஹாப் எழுதிய ‘ஷிப் ஆஃப் மேஜிக்’ (1998) நாவலில் மாய மரத்தால் கட்டிய கப்பல்கள் வருகின்றன. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்த மூன்று தலைமுறை ஆட்கள் அந்தக் கப்பலின் தளத்திலேயே உயிர் விட்டால், கப்பல் கண் விழிக்கும். முகப்புச் சிலை பேசும், அழும், கோபப்படும்! தாத்தா, அப்பா, மகன் என்று கடலுக்கே கொடுத்த குடும்பங்கள் குப்பங்களில் உண்டு. அவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் நம்ப முடியவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கதையில் கப்பலோடு வளர்ந்த மகளுக்கு அதைக் கொடுக்காமல் மூத்த மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் அதை அடிமைகளை ஏற்றும் கப்பலாக்குகிறான். கீழ்த்தளத்தில் சங்கிலியில் கிடக்கிறவர்களின் வேதனை கப்பலின் மரத்துக்குள்ளேயே இறங்குகிறது. கப்பலுக்குப் பித்துப் பிடிக்கிறது...

இதை எந்த ஊரில் உட்கார்ந்து படித்தேன் என்று நினைத்துப் பாருங்கள்! டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் இது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள், துணி ஏற்றினார்கள். மனிதர்களையும் ஏற்றினார்கள்! 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பேர் இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளாகப் பட்டாவியாவுக்கும் மற்ற டச்சுக் குடியேற்றங்களுக்கும் போனார்கள். பஞ்சக் காலத்தில் இந்த வியாபாரம் இன்னும் கொழுத்தது. கோட்டை இன்றைக்குப் புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் யார் நிற்கிறார்கள் தெரியுமா? கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்! எந்த மாயநாவலின் அட்டைக்கும் இதைவிட நல்ல படம் கிடைக்காது.

‘ஷிப் ஆஃப் மேஜிக்’ பற்றி என் தீர்ப்பு: கரு அபாரம், நீளம் அநியாயம். இந்த வரிசையின் மூன்று பாகமும் தலையணை தலையணையாக இருக்கின்றன.

காது கேளாமல் போனால் மரியாதை கூடும் ஊர் தெரியுமா?

பிரான்சிஸ் ஹார்டிஞ்ச் எழுதிய ‘டீப்லைட்’ (2019) நாவலின் தீவுகளில் அப்படித்தான். ஆழத்தில் மூழ்கி மூழ்கிக் காது போனவர்களைக் கடல் முத்தமிட்டவர்கள் என்று கொண்டாடுகிறார்கள், ஊரே சைகை மொழி பேசுகிறது! அங்கே கடல்தெய்வங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிட்டன. செத்த தெய்வங்களின் ஓட்டையும் எலும்பையும் கடலுக்கடியில் பொறுக்கி விற்றுத்தான் ஜனங்கள் பிழைக்கிறார்கள். உடம்பைக் கொடுத்துக் கடலில் வாங்கும் பிழைப்பு என்ன என்பது இந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்து இருளர் பெண்கள் உவர்நீரில் மார்பளவு அமிழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது. பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் சேற்றில்! மணிக்கணக்கில் அப்படி நகர்ந்துகொண்டே போவார்கள். விரல்களில் சிப்பி கிழிக்கும், முள் ஏறும். இதற்கு யாரும் முத்தம் என்று பெயர் வைத்துக் கொண்டாடவில்லை. ‘டீப்லைட்’ சிறுவர் நாவல் என்று கடையில் தனி அடுக்கில் வைத்திருப்பார்கள், நம்பாதீர்கள். பெரியவர்களுக்கும் அதுதான்.

மூட்டுவலியுள்ள கடற்கொள்ளைக்காரி!

ஷானன் சக்ரவர்த்தியின் ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ஆமினா அல்-சிராஃபி’ (2023). பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஏடன் துறைமுகம், சொகோத்ரா தீவு, நம்முடைய இந்தியப் பெருங்கடல்! நாயகி ஓய்வுபெற்ற கொள்ளைக்காரி, ஒரு மகளுக்குத் தாய். முட்டி வலிக்கிறது, தொழுகை தவறுகிறதே என்று மனசு உறுத்துகிறது, ஒரு கணவன் பேயாகவே இருக்கிறான். அரேபியாவிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவர்கள் எங்கள் முன்னோர் என்று சொல்லும் முஸ்லிம் குடும்பங்கள் பழவேற்காட்டில் உண்டு. அவர்கள் வீட்டுப் பாட்டிமார் இதைப் படித்தால் கைதட்டுவார்கள். கடைசியில் மாயம் கொஞ்சம் அதிகமாகக் கொட்டிவிட்டது, கதை தத்தளிக்கிறது. ஆனால் கப்பலின் ஒவ்வொரு கயிறும் தெரிந்தவர் எழுதியது போல இருக்கிறது, அதற்காகவே மன்னிக்கலாம்.

பிறந்த உடனே நிழலைப் பிய்த்து எடுத்த தாய்!

கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ (2023). நெபுலா விருது வாங்கிய நாவல். பிள்ளை பிறந்ததும் தாய் அதன் நிழலை ஆணியடித்துக் கிழித்து எடுத்துவிடுகிறாள். அப்பனைக் கொல்லத்தான் இவனை வளர்க்கிறாள். நிழல் இல்லாதவனுக்குத் தரையில் கால் நிற்காது, மிதந்துவிடுவான்! பெரிய நகரத்துக்கு ஓடிவந்தவன் அங்கே ஒரு கூட்டத்தில் சேர்கிறான். என்ன கூட்டம் தெரியுமா? உலகைக் காக்கப் பிறந்தவர்கள் என்று வளர்க்கப்பட்டு, வேலைக்கு ஆகாமல் போனவர்களின் ஆறுதல் சங்கம்! விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த பக்கங்களிலேயே கலவரமும் தடுப்பு முகாமும் வந்து சிரிப்பை நிறுத்தின. பாதியில் திசை தெரியாமல் தவித்தது உண்மை. புத்திசாலித்தனமான நாவல், ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாது.

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) பற்றி ஒரு வார்த்தை. கால் ஒரு சன்னதி, நாபி ஒரு சன்னதி, முகம் ஒரு சன்னதி என்று கிடக்கும் பிரம்மாண்டமான பெருமாள், யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பாராம்! இப்படி ஒரு கற்பனை தமிழில் வந்தது பெருமை. நடுவில் வரும் ஞானசபை விவாதங்கள் என் பொறுமையைச் சோதித்தன. கடைசிப் பிரளயம் அந்தக் கடனை வட்டியோடு தீர்த்துவிட்டது.

பாட்டு மறந்தால் உலகம் என்ன ஆகும், தெரியுமா?

மறுபடியும் லெ குவின்தான், என்ன செய்ய! எர்த்சீயின் மூன்றாம் நாவல் ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’ (1972). நடுக்கடலில் தெப்பங்களிலேயே வாழும் ஜனங்கள் அதில் வருகிறார்கள். வருஷத்தில் ஒருமுறைதான் கரையைத் தொடுவார்கள், அதுவும் தெப்பத்துக்கு மரம் எடுக்க. ஆண்டின் குறுகிய இரவில் விடியும் வரை பாடி ஆடுவது அவர்கள் வழக்கம். அந்த இரவில் திடீரென்று பாடகர்கள் நிற்கிறார்கள். பாட்டு மறந்துவிட்டது! உலகத்திலிருந்து மந்திரம் ஒழுகிப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நம் கரையிலும் துடுப்புப் போட்டும் வலை இழுத்தும் பாடிய அம்பாப் பாட்டு, மோட்டார் சத்தத்தில் எங்கே கேட்கிறது? தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் போனில் பதிவு செய்து வையுங்கள், இன்றைக்கே!

எழுதும் ஆசையுள்ள கடற்கரைப் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு கோரிக்கை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியது. ராக்கெட் கிளம்பும் நாளில் அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போகாதே என்று படகுகளைத் தடுப்பார்கள். நிலாவுக்கு வண்டி போகிறது, கரையில் வலை காய்கிறது! தலையைக் கவிழ்த்துவைத்து இரை தேடும் பூநாரைகள் குளிர்காலத்தில் ஏரியில் வந்து இறங்குகின்றன. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் ஏரியே மூச்சு முட்டுகிறது. எலும்புக்கூடு காவல் காக்கும் வாசல் இருக்கிறது. இவ்வளவும் நடைபயண தூரத்தில் இருக்கும்போது ஏன் பனி பெய்யும் நாட்டு இளவரசனைப் பற்றியே எழுதுகிறீர்கள்? உங்கள் குப்பத்தை வைத்து எழுதுங்கள்!

படிக்கிறவர்களுக்கு வரிசை சொல்லிவிடுகிறேன். முதலில் எர்த்சீ, அது மெல்லிய புத்தகம். பிறகு மணிமேகலை உரைநடையில். பிறகு ‘டீப்லைட்’, அதன்பின் ஆமினா. ராபின் ஹாப்பின் மூன்று பாகங்களை மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், தாராளமாகப் படித்து முடித்துவிடலாம்.